190 ஜோடிகள்

ஒரு வாதம் திரும்பத் திரும்ப வருகிறது. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு சிமுலேட்டரை, அதாவது தரையிலிருந்து கட்டளை கொடுத்து விமானங்களை மோதாமல் நடத்துகிற கன்ட்ரோலராக ஆடும் கணினி ஆட்டத்தை, பார்வையற்றவர்களும் ஆடும்படி செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னதும் எழுகிற பதில் இதுதான்: "அது ரேடார் திரையைப் பார்த்து ஆடுகிற ஆட்டம். எந்த விமானம் எதோடு மோதப் போகிறது என்று கணினியே சொல்லிவிட்டால், ஆடுகிறவருக்கு என்ன வேலை மிச்சம்?" இதன் முதல் பாதியை மறுப்பது எளிது. இரண்டாம் பாதியை அப்படித் தள்ளிவிட முடியவில்லை. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயம் எதுவரை செல்லும் என்று பார்க்காமல் இந்த மென்பொருளை உருப்படியாக வடிவமைக்க முடியாது என்பது என் எண்ணம். இதுவரை நடந்த முயற்சிகளில் பலவும் ஒன்று எல்லாவற்றையும் வாசித்துத் தள்ளுகின்றன, இல்லையென்றால் எல்லாவற்றையும் தாமே முடிவு செய்துவிடுகின்றன. இரண்டிலுமே ஆட்டம் செத்துப்போகிறது.

ஓப்பன்ஸ்கோப் என்ற திறமூல சிமுலேட்டரை எடுத்துக்கொள்வோம். உலாவியிலேயே ஓடுகிறது, நிறுவ வேண்டியது எதுவும் இல்லை. ரேடார் படம் கேன்வாஸ் என்ற உறுப்பின் மேல் வரையப்படுகிறது. கேன்வாஸ் வெறும் புள்ளிப் பரப்பு. அதில் 2 விமானம் இருந்தாலும் 20 இருந்தாலும் திரையில் உள்ள எழுத்தைக் குரலில் வாசித்துக்காட்டும் என்விடிஏ, ஜாஸ் போன்ற திரைவாசிப்பான்களுக்கு உள்ளே எதுவுமே இல்லை. என்விடிஏவில் உள்ள எழுத்துணரி வசதியைக் கொண்டு படத்தை வாசிக்கவைத்தாலும், அது வாசித்து முடிப்பதற்குள் படம் பழசாகிவிடும். கட்டளை கொடுக்கிற பெட்டியோ சாதாரண உரைப்பெட்டி. கால்சைனை (விமானத்தின் அழைப்புப் பெயர்) தட்டி, அதன் பின்னால் உயரத்தையோ ஹெடிங்கையோ (மூக்கு நோக்கும் திசை, வடக்கிலிருந்து டிகிரிக் கணக்கில்) தட்டினால் போதும், சுட்டியே வேண்டாம். பக்கவாட்டில் வரும் ஸ்ட்ரிப்களில் (விமானத்துக்கு ஒன்றாக வரும் குறிப்புச் சீட்டுகள்) கால்சைன், விமான வகை, கொடுத்த உயரம், போகிற வழி எல்லாம் எழுத்தாகவே இருக்கின்றன. விமானம் இந்த நொடியில் எங்கே இருக்கிறது என்பது மட்டும் அவற்றில் இல்லை. ஆக, பார்வையற்ற ஆட்டக்காரருக்கு வாய் கிடைத்துவிட்டது. 20 விமானங்களுக்கும் கட்டளை போடலாம், ஆனால் எதற்கு, எப்போது என்று தெரிய வழியில்லை.

எழுத்தாக இருந்தாலே திரைவாசிப்பானுக்குப் போதும் என்று நினைப்பவர்கள் பிஎஸ்டி யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் விளையாட்டுத் தொகுப்பில் 1980களிலேயே வந்த 'ஏடிசி'யைப் பார்க்கலாம். எழுத்துகளை மட்டும் காட்டும் டெர்மினல் திரையில் ஓடும் இந்த ஆட்டத்தில் படமே கிடையாது. வான்வெளி முழுவதும் புள்ளிக் குறிகளாலான கட்டம். ஒவ்வொரு விமானமும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும். எண் ஆயிரம் அடிக் கணக்கில் உயரம். திரைவாசிப்பானில் இதை வரிவரியாகக் கேட்டால் 'புள்ளி புள்ளி புள்ளி' என்றுதான் வரும். நடுவே ஓர் எழுத்து வந்தால் அது எத்தனையாவது புள்ளிக்குப் பிறகு வந்தது என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். அதே திரையின் வலப்பக்கம் ஒரு சிறு பட்டியல் உண்டு: எந்த விமானம், எங்கே போக வேண்டும், இப்போது என்ன கட்டளையில் இருக்கிறது என்று. காதுக்கு உதவுவது அந்தப் பட்டியல்தான். அதிலும் இடம் இல்லை.

இதைப் பார்த்ததும் நிரலாளர்களுக்கு முதலில் தோன்றுவது, எல்லா விமானங்களின் விவரத்தையும் ரேடார் சுற்றுக்கு ஒருமுறை வாசிக்கவைத்துவிடலாம் என்பது. கணக்குப் போட்டால் அந்த யோசனை அங்கேயே விழுந்துவிடும். விமானத்துக்குக் கால்சைன், உயரம், வேகம், ஹெடிங், இடம் எல்லாம் சேர்த்து 8 சொற்கள் என்று வைத்துக்கொண்டால், 20 விமானத்துக்கு 160 சொற்கள். நிமிடத்துக்கு 180 சொல் என்ற சாதாரண வேகத்தில் வாசித்து முடிக்க 53 நொடி. பழகிய காதுள்ளவர் நிமிடத்துக்கு 400 சொல் வைத்துக்கொண்டாலும் 24 நொடி. விமான நிலையத்தை ஒட்டிய ரேடாரின் ஆன்டெனா ஏறத்தாழ 5 நொடிக்கு ஒருமுறை சுற்றுகிறது. 240 நாட், அதாவது மணிக்கு 240 கடல் மைல் வேகத்தில் போகிற விமானம் நிமிடத்துக்கு 4 கடல் மைல் நகரும். அந்த 53 நொடியில் மூன்றரை மைல் போய்விடும். விமான நிலையப் பகுதியில் ஒரே உயரத்தில் இரண்டு விமானங்களுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளியே 3 மைல்தான். பட்டியலின் கடைசி வரி ஒலிக்கும்போது முதல் வரி சொன்ன இடம் அந்த இடைவெளியை விடவும் அதிகமாகப் பொய்த்திருக்கும்.

வானொலியில் படம் கிடையாது

இந்த வேலைக்குப் படம் எவ்வளவு அவசியம்? அமெரிக்காவின் முதல் வழித்தடக் கட்டுப்பாட்டு மையம் நியூவார்க்கில் 1935 டிசம்பரில் தொடங்கியது. விமான நிறுவனங்களே சேர்ந்து தொடங்கியதை 1936 ஜூலையில் மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. அங்கே ரேடார் கிடையாது. விமானிகளோடு நேரடி வானொலித் தொடர்புகூடக் கிடையாது. விமானி தன் நிறுவனத்துக்கு இடத்தைச் சொல்வார், அங்கிருந்து தொலைபேசியில் மையத்துக்கு வரும், மையத்தில் அதைக் கரும்பலகையில் எழுதி, வரைபடத்தின் மேல் சிறு குறிகளை நகர்த்துவார்கள். எந்த விமானம் எந்தப் புள்ளியை எத்தனை மணிக்குக் கடந்தது, அடுத்த புள்ளிக்கு எத்தனை மணிக்கு வரும், எந்த உயரத்தில் என்ற இவ்வளவு தகவலில்தான் விமானங்களைப் பிரித்து வைத்தார்கள். ரேடார் எட்டாத கடல் பகுதிகளில் இன்றும் அடிப்படை இதுதான். வங்காள விரிகுடாவின் மேல் சென்னையின் பொறுப்பில் உள்ள வான்வெளியில், கரையிலிருந்து விலகிப் போகும் விமானம் தன் இடத்தையும் அடுத்த புள்ளிக்கான நேரத்தையும் தானே அறிவிக்கிறது, கன்ட்ரோலர் நேரத்தையும் உயரத்தையும் வைத்து இடைவெளி காக்கிறார்.

இன்னொன்றைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். ரேடார் முன்னால் உட்கார்ந்திருக்கிற கன்ட்ரோலரும் நாள் முழுக்க ஒரு படத்தைச் சொற்களாக மாற்றிக்கொண்டுதான் இருக்கிறார், அந்தப் படத்தைப் பார்க்க முடியாத ஒருவருக்காக. மேகத்துக்குள் இருக்கிற விமானிக்குப் பக்கத்தில் வருகிற விமானம் தெரியாது. "டிராஃபிக், 2 மணித் திசை, 5 மைல், எதிர்த்திசை, 1000 அடி மேலே" என்று சொன்னால் போதும், விமானியின் மனத்தில் அது இடம்பிடித்துவிடும். மூக்கு 12 மணி, வலத்தோள் 3 மணி, முதுகு 6 மணி. திசை, தூரம், போக்கு, உயரம் என்று நான்கே துண்டுகள், எப்போதும் ஒரே வரிசை. வெளியைச் சொல்லில் அடைக்கிற இந்த வடிவத்தை இந்தத் தொழில் பல தலைமுறைகளாகச் செதுக்கி வைத்திருக்கிறது. திரைவாசிப்பானுக்காகப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. தேர்ந்தெடுத்த விமானத்தின் விமானியாக ஆட்டக்காரரை உட்காரவைத்து, சுற்றியுள்ளவற்றை இந்த வடிவத்தில் சொன்னாலே பாதிப் படம் வந்துவிடும். ரேடாரை வர்ணிக்க முயல்வதை விட்டுவிட்டு வானொலியில் பேசுவதுபோலப் பேச வேண்டும் என்பதே இந்த விஷயத்தில் திருப்புமுனை என்று நினைக்கிறேன். இதை ஏற்றுக்கொண்டால் மற்ற முடிவுகள் ஓரளவு தாமாகவே விழுகின்றன.

மீதிப் பாதி

20 விமானங்கள் இருந்தால் அவற்றுக்குள் 190 ஜோடிகள் உண்டு. பார்வையுள்ளவர் அந்த 190ஐயும் ஒவ்வொன்றாகச் சோதிப்பதில்லை. ஒன்றையொன்று நெருங்கும் இரண்டு குறிகளைக் கண் தானாகப் பொறுக்கிவிடுகிறது. பட்டியலுக்கு அந்தக் குணம் இல்லை. பட்டியலில் மூன்றாவது வரியும் பதினேழாவது வரியும் மோதப்போகின்றன என்பது எந்த வரியிலும் எழுதியிருக்காது.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரே உயரம், இரண்டுக்குமே 240 நாட் வேகம். அ விமானம் ஒரு புள்ளிக்கு மேற்கே 10 மைலில் இருந்து கிழக்கு நோக்கி அதை நெருங்குகிறது. ஆ விமானம் அதே புள்ளிக்குத் தெற்கே 12 மைலில் இருந்து வடக்கு நோக்கி வருகிறது. இப்போது இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று கேட்டால் 15.6 மைல் என்று பதில் வரும். நிம்மதியான எண். ஆனால் 2 நிமிடம் 45 நொடியில் அவை 1.4 மைல் தூரத்துக்கு வந்துவிடும். தூரத்தை மட்டும் சொல்கிற மென்பொருள் இங்கே ஆட்டக்காரரை ஏமாற்றுகிறது. திரையில் பார்ப்பவருக்கோ விமானத்தின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கணிப்புக் கோடுகள் இரண்டும் ஒரே மூலையை நோக்கிப் போவது பார்த்தவுடன் தெரியும்.

இங்கேதான் அந்தப் பழைய வாதம் திரும்பி வருகிறது: 1.4 மைல் என்று கணினி சொல்லிவிட்டால் பிறகு என்ன ஆட்டம்? என் பதில் இது. கண்ணுக்கு ஒரு பார்வையில் கிடைப்பதெல்லாம் காதுக்கு ஒரு விசையில் கிடைக்க வேண்டும். பார்வையுள்ளவர் யோசித்துக் கண்டுபிடிப்பதைப் பார்வையற்றவரும் யோசித்தே கண்டுபிடிக்க வேண்டும். கணிப்புக் கோடு கண்ணுக்குச் சும்மா கிடைக்கிறது, ஆகவே ஆட்டக்காரர் இரண்டு கால்சைன்களைக் கொடுத்துக் கேட்டால் மிகக் குறைந்த இடைவெளியும் அதற்கு ஆகும் நேரமும் சொல்லப்பட வேண்டும். எந்த ஜோடியைக் கேட்பது என்பது ஆட்டக்காரரின் வேலை. 190 ஜோடியையும் மென்பொருளே சலித்து, ஐந்து நிமிடத்துக்கு முன்பே ஆபத்தான மூன்றைத் தட்டில் வைத்து நீட்டினால், அது பார்வையுள்ளவருக்கும் கிடைக்காத சலுகை. குறுகிய நேர மோதல் எச்சரிக்கை வேறு விஷயம். நிஜ மையங்களிலேயே அது உண்டு. திரையில் கால்சைன் சிவப்பாகிற அதே நொடியில் காதுக்கும் வர வேண்டும், முன்னதாகவும் வேண்டாம், தாமதமாகவும் வேண்டாம்.

இப்படி வைத்தால் காதால் ஆடுகிறவருக்கென்று ஒரு திறமை வளரும். செங்குத்தாகக் குறுக்கிடும் இரண்டு விமானங்கள் ஒரே வேகத்தில் போனால், குறுக்கிடும் புள்ளியிலிருந்து இரண்டின் தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை 0.7ஆல் பெருக்கினால் மிகக் குறைந்த இடைவெளி வந்துவிடும். மேலே சொன்ன ஜோடியில் வித்தியாசம் 2 மைல், ஆகவே 1.4. 3 மைல் இடைவெளி வேண்டுமென்றால் வித்தியாசம் ஏறத்தாழ 4.3 மைலாவது இருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு விமானத்துக்கும் 'அடுத்த புள்ளி, அதற்கு எத்தனை மைல்' என்ற இரண்டையும் கேட்டதும் சொல்லும்படி வைத்தால், பழகிய ஆட்டக்காரர் இடைவெளிக் கணக்கைக் கேட்காமலேயே பிடித்துவிடுவார். இதற்கு உதவியாகப் பட்டியலை உயரத்தால் வடிகட்டும் விசை ஒன்று வேண்டும். 1000 அடி இடைவெளி உள்ள ஜோடிகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்பதால் 190 மளமளவென்று குறையும். ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கும் விமானத்தை மட்டும் அது கடக்கப்போகும் எல்லா உயரங்களிலும் காட்ட வேண்டும். இதை மறந்துவிட்டால் வடிகட்டியே மோதலுக்குக் காரணமாகிவிடும்.

தட்டினால் பேச்சு நின்றுவிடும்

கட்டமைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியவை நிறைய. பட்டியலை உண்மையான பட்டியலாகவோ அட்டவணையாகவோ வைக்க வேண்டும்: மேல்-கீழ் அம்புக்குறியில் விமானம் மாறும், இடம்-வலத்தில் அதன் விவரம் மாறும். ஐந்து நொடிக்கு ஒருமுறை பட்டியலை அழித்துவிட்டுத் திரும்பக் கட்டுகிற நிரல்களில் ஃபோகஸ் (விசைப்பலகை இப்போது நிற்கும் இடம்) காணாமல் போய் ஆட்டக்காரர் பக்கத்தின் உச்சியில் போய் விழுவார். மாறிய எழுத்தை மட்டும் மாற்ற வேண்டும், வரியைத் தொடக்கூடாது. தூர வரிசையில் அடுக்கிய பட்டியல் தானாக இடம் மாறினாலும் இதே கேடுதான். கீழம்பு தட்டினால் வரவேண்டிய விமானம் வராமல் வேறொன்று வந்து நிற்கும், கட்டளையும் அதற்கே போய்ச்சேரும். ஆட்டக்காரர் கேட்டால் மட்டும் மறுபடி அடுக்குவதே சரி. தரையிறங்கிய விமானத்தின் வரி மறைந்தால், ஃபோகஸ் அதற்கு அடுத்த வரியில் நிற்க வேண்டும்.

விசைகளைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு பழைய சிக்கல் உண்டு. ஹெடிங் கொடுக்க எச் விசை என்று சிமுலேட்டர் வைத்திருக்கும். உலாவியில் திரைவாசிப்பானுக்கும் எச் என்றால் ஹெடிங்தான், ஆனால் அது வலைப்பக்கத்தில் உள்ள தலைப்பு. விசை சிமுலேட்டரை எட்டுவதற்கு முன்பே திரைவாசிப்பான் அதை எடுத்துக்கொண்டு அடுத்த தலைப்புக்குத் தாவிவிடும். கன்ட்ரோல், ஆல்ட்டோடு அம்புக்குறி சேர்ந்தால் அட்டவணைக்குள் நகர்வது என்று என்விடிஏவும் ஜாஸும் ஏற்கெனவே வைத்திருக்கின்றன, அதையும் தொடக்கூடாது. கட்டளைக்குக் கட்டளைப் பெட்டியும் மற்றதற்கு எஃப் வரிசை விசைகளும் போதுமானவை.

இவை எல்லாவற்றையும் விட மோசமானது வேறு. என்விடிஏவில் ஏதாவது எழுத்தைத் தட்டினால் ஓடிக்கொண்டிருக்கும் பேச்சு நின்றுவிடும். இயல்பான அமைப்பே அதுதான். ஆட்டக்காரர் ஒரு விமானத்துக்கு அவசரமாகக் கட்டளை தட்டிக்கொண்டிருக்கும்போது வேறொரு ஜோடிக்கான மோதல் எச்சரிக்கை வந்தால், அதன் முதல் அசையிலேயே அறுந்துவிடும். நெரிசல் அதிகமாக அதிகமாகத் தட்டுவதும் அதிகமாகும், எச்சரிக்கைகள் தொலைவதும் அதிகமாகும். அமைப்புகளில் இதை நிறுத்திவைக்கலாம், ஆனால் ஆட்டக்காரரின் அன்றாட அமைப்பை மாற்றச் சொல்வது சரியான தீர்வு ஆகாது. எச்சரிக்கைக்குப் பேச்சுக்கு முன்னால் ஒரு தனி ஒலி வேண்டும். அது சிமுலேட்டரின் சொந்த ஒலியாக இருந்தால் திரைவாசிப்பானால் அறுபடாது. கூடவே கடைசி 50 செய்திகளாவது ஒரு பதிவில் நிற்க வேண்டும், ஒரு விசையில் பின்னோக்கிக் கேட்க முடிய வேண்டும். எழுத்தை விரலால் தொட்டு வாசிக்கும் பிரெய்ல் டிஸ்பிளே வைத்திருப்பவருக்கும் இந்தப் பதிவு அவசியம். என்விடிஏ அனுப்பும் தற்காலிகச் செய்தி இயல்பாக 4 நொடியில் டிஸ்பிளேயை விட்டுப் போய்விடும்.

செய்தியை அனுப்பும் முறையிலும் வழுக்குகிற இடங்கள் உண்டு. உலாவியில் ஏரியா-லைவ் பகுதியை (உள்ளே எழுத்து மாறினால் திரைவாசிப்பான் தானாக வாசிக்கும் பகுதி) பக்கம் திறக்கும்போதே காலியாக வைத்திருக்க வேண்டும். பகுதியையும் செய்தியையும் ஒரே நேரத்தில் உருவாக்கினால் பெரும்பாலும் எதுவும் ஒலிக்காது. 'பொலைட்' என்று வைத்தால் செய்திகள் வரிசையில் சேர்ந்துகொண்டே போய் பழைய தகவலை ஒலிக்கும். 'அஸெர்ட்டிவ்' என்று வைத்தால் ஒன்றையொன்று வெட்டும். மோதல் எச்சரிக்கைக்கு மட்டும் இரண்டாவது, மற்றதற்கெல்லாம் முதலாவது. விண்டோஸ் நிரலாக எழுதுகிறவர்களுக்கு நிரல்கள் திரைவாசிப்பானுக்குத் தகவல் கொடுக்கும் வழியான யுஐ ஆட்டோமேஷனின் அறிவிப்பு நிகழ்வு இதைவிட நல்ல கருவி. ஒரே வகைச் செய்திகளில் கடைசியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடு என்று அதில் சொல்ல முடியும். உயர மாற்றம் போன்ற தகவலுக்கு அது மிகப் பொருத்தம். எண்களையும் கவனிக்க வேண்டும்: ஹெடிங் 090 என்பதைப் பேச்சுப்பொறி 'தொண்ணூறு' என்று வாசித்தால் கன்ட்ரோலரின் காதுக்கு அது அந்நியம். இந்தத் தொழிலில் ஒவ்வோர் இலக்கமும் தனியாகத்தான். ஆகவே இலக்கங்களுக்கு நடுவே இடைவெளி விட்டுப் பேச்சுக்கு அனுப்ப வேண்டும், பிரெய்லுக்கு இடைவெளி இல்லாமல் அனுப்ப வேண்டும்.

ஒலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதில் பலருக்கும் ஆசை அதிகம். ஒவ்வொரு விமானத்துக்கும் தொடர்ந்து ஒலிக்கும் ஓர் ஒலியைக் கொடுத்து, திசைக்கேற்ப இடக்காது வலக்காதுக்குப் பிரித்துவிடலாம் என்பார்கள். நான்கைந்து விமானத்துக்கு மேல் அது இரைச்சல்தான். ஹெட்ஃபோனில் இடமும் வலமும் தெளிவாகப் பிரியும், முன்னும் பின்னும் குழம்பும். அதாவது வடக்கில் இருக்கும் விமானம் தெற்கில் இருப்பதாகத் தோன்றும். அதைவிட ரேடார் ஆன்டெனாவையே பின்பற்றுவது நல்லது. வடக்கில் ஒரு தட்டல் ஒலி, அங்கிருந்து 4 நொடியில் ஒரு சுற்று, வழியில் ஒவ்வொரு விமானமும் தன் திசை வரும்போது ஒருமுறை மட்டும் ஒலிக்கும், உயரத்துக்கேற்பச் சுருதி மாறும். திசையை நேரமே சொல்லிவிடுவதால் ஒரு காது மட்டும் கேட்பவருக்கும் இது உதவும். தூரத்தை ஒலியின் வலுவால் சொல்ல முயல வேண்டாம், காது அதை அளவாக எடுத்துக்கொள்ளாது. விமானியின் குரலும் திரைவாசிப்பானின் குரலும் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் இருக்க, விமானியை ஒரு காதுக்குத் தள்ள வழி வைக்க வேண்டும். என்விடிஏ பேசும்போது பிற ஒலிகளைத் தாழ்த்தும் வசதி இயக்கத்தில் இருந்தால் விமானியின் பதில் பாதியில் மங்கிவிடும் என்பதைக் கையேட்டில் எழுதிவைப்பதும் நல்லது.

நடுக்கோடு

எல்லாம் சரியாக அமைந்த பிறகும் ஆட்டக்காரர் தவிக்கிற இடம் ஒன்று உண்டு: விமானத்தை ஓடுபாதையின் நடுக்கோட்டில், அதாவது ஓடுபாதையின் நடுவிலிருந்து வெளியே நீளும் நேர்கோட்டில் சேர்ப்பது. ஓடுபாதை 27 என்று வைத்துக்கொள்வோம், இறுதிப் பாதை 270, அதாவது மேற்கு நோக்கி. தெற்கிலிருந்து 360 ஹெடிங்கில் வடக்கு நோக்கி விமானம் வருகிறது. அதை இடப்பக்கம் 300க்குத் திருப்பினால் 30 டிகிரிக் கோணத்தில் நடுக்கோட்டைப் பிடித்து உள்ளே போகும். எப்போது திருப்பச் சொல்வது? 180 நாட் என்றால் நிமிடத்துக்கு 3 மைல். விமானி கட்டளையைக் கேட்டுத் திரும்பச் சொல்லித் திருப்பத் தொடங்குவதற்குள் கால் மைலோ அரை மைலோ போய்விடும். நொடிக்கு 3 டிகிரி வீதம் 60 டிகிரி திரும்ப 20 நொடி; அதற்குள் நடுக்கோட்டை நோக்கி இன்னும் 0.8 மைல். ஆகவே கோட்டுக்கு 3 மைல் இருக்கும்போது சொன்னால் அழகாகச் சேரும். 2 மைலில் சொன்னால் நெருக்கடி. 1 மைலில் சொன்னால் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும், இணை ஓடுபாதை இருந்தால் அங்கே வருகிற விமானத்தின் முன்னால் போய் நிற்கும்.

பார்வையுள்ளவருக்கு இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். திரையில் நடுக்கோடு நீளமாக வரைந்திருக்கும், விமானத்துக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளி கண்ணில் படும். நிலையத்திலிருந்து இந்தத் திசையில் இத்தனை மைல் என்று மட்டும் சொல்கிற பட்டியலில் அந்த இடைவெளி ஒளிந்திருக்கிறது. அதை எடுக்க மனத்துக்குள் முக்கோணக் கணக்குப் போட வேண்டும். மேலே சொன்ன அளவுகோலின்படி இது கண்ணுக்கு ஒரு பார்வை, ஆகவே காதுக்கு ஒரு விசை. எஃப்7 தட்டினால் இரண்டே எண்கள்: வாசலுக்கு (ஓடுபாதை தொடங்கும் இடம்) 9, கோட்டுக்கு 3. தட்டிக்கொண்டே இருந்தால் 3, 2.8, 2.5 என்று குறைந்துகொண்டே வரும். எந்த எண்ணில் வாயைத் திறப்பது என்பதை ஆட்டக்காரர் பார்த்துக்கொள்வார்.